தில்லும் இதயமும்: ஓர் ஈரானியச் சொல்லின் பிறப்பு

பாரசீகத்தில் இதயத்துக்குத் 'தில்' என்று பெயர். இன்றைய தெஹ்ரான் உச்சரிப்பில் அது 'தெல்' என்று ஒலிக்கும். தமிழ்ப் பேச்சில் துணிச்சல் என்ற பொருளில் புழங்கும் 'தில்' இதே சொல்தான். பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானிக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. சமஸ்கிருதத்தில் அதே உறுப்பு 'ஹ்ருத்', 'ஹ்ருதய'. நம் இருதயமும் இதயமும் அதன் வழி வந்தவை.

ஹ்ருத், தில் இரண்டும் ஒரே மூலச்சொல்லின் இரு வடிவங்கள் என்பது இந்த ஆய்வின் முதல் கூற்று. கேட்டவுடன் நம்பத் தோன்றாது. ஒன்று ஹகரத்தில் தொடங்குகிறது, மற்றது தகரத்தில். ஒன்றின் நடுவில் ரகரச் சாயல், மற்றதில் அது இல்லை. ஒன்று தகர ஒற்றில் முடிகிறது, மற்றது லகர ஒற்றில். ஆனாலும் இந்த உறவை ஐயமின்றி நிறுவ முடியும். நிறுவி முடித்த பிறகு, அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அடியில் இருப்பது தெரியவரும். இந்தச் சொல்லை நான் எடுத்துக்கொண்டதே அந்தச் சிக்கலுக்காகத்தான்.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. தில் என்பதன் முதல் ஒலி 'தம்பி'யின் தகரம் அன்று, 'பந்து' என்பதில் ந் என்ற ஒற்றை அடுத்து வரும் தகரம். ஸகரத்தைக் குரல்நாண் அதிர உச்சரித்தால் வரும் ஒலியை 'ஃஸ' என்று எழுதுகிறேன். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒலி ஒப்புமையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் இலக்கணத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. சங்கத் தமிழில் 'தில்' என்று ஓர் இடைச்சொல் உண்டு. விழைவு, காலம், ஒழியிசை என்ற மூன்று பொருளில் அது வரும் என்கிறது தொல்காப்பியம். 'பெறுகதில் அம்ம யானே' என்ற குறுந்தொகை அடியில் வருவது அந்தத் தில்தான். விழைவு என்ற பொருளைப் பார்த்ததும் பாரசீகத் தில்லோடு முடிச்சுப் போட ஆசை வரும். அது தவறு. இது வினையை ஒட்டியே நிற்கும் இடைச்சொல். தனித்து நின்று எந்த உறுப்பையும் குறித்ததே இல்லை. இங்கே வடிவம் முழுக்க ஒத்திருக்கிறது, உறவு இல்லை. ஹ்ருத், தில் இரண்டிலும் வடிவம் துளியும் ஒக்கவில்லை, உறவு இருக்கிறது. உறவைக் காட்டுவது சாயல் அன்று, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நிகழும் ஒலிமாற்றம்.

மூன்று மாற்றங்கள்

முதலில் தொடக்க ஒலி. சமஸ்கிருதத்தில் ஹகரம் நிற்கும் இடத்தில், சொராஸ்தரிய மறைநூலான அவெஸ்தாவின் மொழியில் ஃஸகரமும், பழம் பாரசீகத்தில் தகரமும் நிற்பது ஒரு குறிப்பிட்ட வகைச் சொற்களில் தொடர்ந்து காணப்படுகிறது. மிகத் தெளிவான சான்று 'நான்' என்னும் சொல். சமஸ்கிருதத்தில் 'அஹம்', அகங்காரத்தின் முதற்பகுதி. அவெஸ்தாவில் 'அஃஸெம்'. பழம் பாரசீகத்தில் 'அதம்'. மேற்கு ஈரானில் கெர்மான்ஷாவுக்கு அருகே பெஹிஸ்தூன் மலைமுகத்தில் முதலாம் தாரயவஹு (டேரியஸ்) மன்னன் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்று மொழிகளில் வெட்டுவித்த கல்வெட்டின் பாரசீகப் பகுதி இந்த 'அதம்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது: 'நான் தாரயவஹு'.

இன்னொரு சான்றும் உண்டு, ஆனால் அதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கை என்பது சமஸ்கிருதத்தில் 'ஹஸ்த', அவெஸ்தாவில் 'ஃஸஸ்த', பழம் பாரசீகத்தில் 'தஸ்த'. இருபத்தேழு நட்சத்திரங்களில் ஒன்றான அஸ்தத்தின் பெயருக்குக் கை என்றுதான் பொருள். பத்திரத்தைக் குறிக்கும் தஸ்தாவேஜு என்ற சொல்லின் முதற்பகுதி பாரசீகத் 'தஸ்த்'. நமக்குப் பழகிய சொற்களாலேயே விதியை விளக்கிவிட முடிகிறது என்பதால் எல்லோரும் இந்த எடுத்துக்காட்டைத்தான் முதலில் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், ஃஸகரம் வரவேண்டிய மற்ற ஈரானிய மொழிகளிலும் இந்தச் சொல்லில் தகரமே வருகிறது. வடக்கு ஈரானின் பழைய மொழியான பார்த்தியத்தில் 'தஸ்த்', குர்தியில் 'தெஸ்த்'. சொல்லின் நடுவில் இன்னொரு உரசொலியான ஸகரம் இருப்பதால், தொடக்கத்து உரசல் விலகித் தகரமாகிவிட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாகவே இருக்கிறது. ஆனால் சொந்தக் கோளாறு உள்ள சான்றை அடித்தளமாக வைக்கக் கூடாது. 'அஹம்', 'அஃஸெம்', 'அதம்' போதும்.

அடுத்தது உயிர். சமஸ்கிருதத்தில் உயிரெழுத்தாகக் கருதப்படும் 'ரு' (ரிஷி, ரிது முதலியவற்றின் தொடக்கம்) பாரசீகத்தில் 'இர்' ஆகிறது, இதழ் குவித்து ஒலிக்கும் மெய்யை அடுத்து வந்தால் 'உர்' ஆகிறது. 'க்ருமி' என்பது பாரசீகத்தில் 'கிர்ம்', புழு என்று பொருள். நம் கிருமி அதன் உடன்பிறப்பு. ஓநாயைக் குறிக்கும் 'வ்ருக' பாரசீகத்தில் 'குர்க்'. இந்த விதிப்படி பழம் பாரசீகத்தில் இதயத்துக்கான சொல் 'த்ருத்' என்று இருந்து, பிறகு 'திர்த்' ஆகியிருக்க வேண்டும். பழம் பாரசீகக் கல்வெட்டுகளில் மன்னர்களும் நாடுகளும் படைகளும் நிறைய வருகிறார்கள், இதயம் வரவில்லை. எனவே 'த்ருத்' நாம் கணித்துப் பெற்ற வடிவம்தான்.

மூன்றாவது இறுதி. ரகர ஒற்றும் ஒலிப்புடைத் தகரமும் (குரல்நாண் அதிர ஒலிக்கும் தகரம், 'பந்து'வில் உள்ளது) சேர்ந்து வரும் இடம் நடுக்காலப் பாரசீகத்தில் ஒற்றை லகரமாகக் குறுகியது. பெஹிஸ்தூனில் தாரயவஹு தன் வெற்றிகளை 'ஒரே ஆண்டில்' பெற்றதாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அங்கே ஆண்டைக் குறிக்கும் சொல் 'தர்த்' (இதன் முதலெழுத்து, நாக்கு நுனி பற்களை உரச எழும் தகரம்). அவெஸ்தாவில் 'ஸரெத்', சமஸ்கிருதத்தில் இலையுதிர் காலமான 'சரத்'. இன்றைய பாரசீகத்தில் அது 'சால்'. ரோஜாவும் இதே வழியில்தான் போனது. பழைய 'வ்ருத' பாரசீகத்தில் 'குல்' ஆனது. குல்கந்தில் இருக்கும் குல் அதுவே.

மூன்று மாற்றங்களையும் வரிசையாகச் செலுத்தினால் ஹ்ருத்துக்கு ஈடான பாரசீக வடிவம் 'தில்' என்றுதான் வந்தாக வேண்டும். வேறு எப்படியும் வர வழியில்லை. இங்கே எந்த விதியும் இந்தச் சொல்லுக்காக மட்டும் உருவாக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் நான், புழு, ஆண்டு என்று தொடர்பே இல்லாத சொற்களில் தன்னைக் காட்டிக்கொண்ட விதி. நிறுவல் வலுப்பெறுவது இதனால்தான்.

ஃஸகரத்தின் நிலப்பரப்பு

பாரசீகம் என்பது ஈரானின் தென்மேற்கில் உள்ள பார்ஸ் பகுதியின் பேச்சு. தகரத்தில் தொடங்கும் வடிவம் அந்த மூலைக்கு உரியது. மற்ற ஈரானிய மொழிகள் ஃஸகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஆப்கானிஸ்தானின் பஷ்தோவில் இதயம் 'ஃஸ்ரெ', பாமிர் மலைகளின் ஷுக்னியில் 'ஃஸோர்த்', பலூச்சியில் 'ஃஸிர்த்', துருக்கியின் கிழக்கே ஃஸாஃஸாக்கியில் 'ஃஸெர்ரி', காகசஸ் மலையில் பேசப்படும் ஒஸ்ஸெத்தியத்தில் 'ஃஸர்த'. பாமிரும் காகசஸும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. இவ்வளவு அகலமாகப் பரவிய ஒரு வடிவத்துக்கு நடுவில் தில் என்பது ஒரு வட்டாரப் புதுமை. ஆனால் அரசும் கவிதையும் அதன் பக்கம் இருந்ததால் அதுவே உலகறிந்த சொல்லானது.

இந்த வட்டார வேறுபாடு ஏட்டில் தெளிவாகத் தெரிந்தது சீனத்தின் வடமேற்கில் உள்ள துர்ஃபானில். 1902 முதல் 1914 வரை ஜெர்மானிய ஆய்வுக்குழுக்கள் அங்கிருந்து, மானி என்பவர் தோற்றுவித்த சமயத்தைச் சேர்ந்தவர்களின் கிழிந்த ஏடுகளைக் கொண்டுவந்தன. அவற்றின் அருமையைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் கிடைத்திருந்த நடுக்காலப் பாரசீக நூல்கள் எப்படி எழுதப்பட்டிருந்தன என்று தெரிய வேண்டும். சொராஸ்தரியப் புரோகிதர்கள் பல சொற்களை அரமேய மொழியில் எழுதி, பாரசீகத்தில் படித்தார்கள். இதயம் என்ற இடத்தில் லகரமும் இரண்டு பகரமும் கொண்ட அரமேயச் சொல் நிற்கும், படிப்பவர் 'தில்' என்று சொல்வார். எழுத்தைப் பார்த்து உச்சரிப்பைக் கண்டுபிடிக்க முடியாது. மானி சமயத்தார் இந்த வழக்கத்தைக் கைவிட்டுச் சொற்களை ஒலித்தபடியே எழுதினார்கள். அவர்களுடைய ஏடுகள் சிலவற்றில் 'தில்' என்றும், வேறு சிலவற்றில் 'ஃஸிர்த்' என்றும் எழுதியிருந்தது. முதலாவது நடுக்காலப் பாரசீகம், இரண்டாவது பார்த்தியம். இரு மொழிகளையும் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகளை மொழியறிஞர் பால் டெடெஸ்கோ 1921-இல் விரிவாக வெளியிட்டார்.

குர்தி மொழி இங்கே இடறுகிறது. அதில் நான் என்பது 'எஃஸ்', அறிதல் 'ஃஸானீன்', மருமகன் 'ஃஸாவா'. பாரசீகத்தில் அறிதல் 'தானெஸ்தன்', மருமகன் 'தாமாத்'. ஆக, குர்தி ஃஸகர மொழி. ஆனால் இதயம் மட்டும் 'தில்'. பாரசீகக் கவிதை செல்வாக்கோடு இருந்த நிலங்களில் காதலையும் துயரத்தையும் பாடும்போது வாயில் வரும் சொல் தில்தான், அது சொந்தச் சொல்லை ஓரங்கட்டியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். பலூச்சியிலும் 'ஃஸிர்த்' பக்கத்திலேயே 'தில்' புழங்குகிறது. உடலுறுப்புப் பெயர்கள் எளிதில் கடன் வாங்கப்படுவதில்லை என்று பாடநூல்கள் சொல்லும். இதயத்தின் விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு அவ்வளவாகச் செல்லாது. அது உறுப்பாக இருப்பதைவிட உணர்வாக இருக்கும் நேரமே அதிகம். பாரசீகத்திலேயே மருத்துவர் பேசும் இதயம் பெரும்பாலும் அரபிலிருந்து வந்த 'கல்ப்'. தில் என்பது மனம், ஆசை, துணிவு. 1720-இல் தில்லியில் மறைந்த மிர்சா அப்துல் காதிர் தன் புனைபெயராகப் 'பேதில்' என்பதைச் சூட்டிக்கொண்டார். இதயத்தைப் பறிகொடுத்தவன் என்று பொருள். அதே தில் அன்றாடப் பேச்சில் வயிற்றையும் குறிக்கும். 'தெல்தர்த்' என்று ஓர் ஈரானியக் குழந்தை அழுதால், தாய் பார்ப்பது வயிற்றுவலிக்கு மருந்து.

வேரில் இருக்கும் கோளாறு

இதுவரை எல்லாம் விதிப்படி நடந்தது. இப்போது இந்திய, ஈரானிய மொழிகளை விட்டு வெளியே வந்து, இந்தோ ஐரோப்பியக் குடும்பம் முழுவதையும் பார்க்க வேண்டும். இதயம் கிரேக்கத்தில் 'கர்தியா'. இன்றைய மருத்துவமனைகளின் கார்டியாலஜி பிரிவு அதிலிருந்து பெயர் பெற்றது. லத்தீனில் 'கோர்', அதன் வேற்றுமை வடிவங்களில் 'கோர்த்-'. இன்றைய துருக்கிப் பகுதியில் பண்டு பேசப்பட்ட ஹித்தைத்தில் 'கர்த்-'. ஜெர்மானிய மொழிகளில் ககரம் ஹகரமாகும் என்பது தனி விதி. ஆங்கிலத்தின் 'ஹார்ட்' அப்படி வந்தது. லித்துவேனியத்தில் 'ஷிர்திஸ்', ருஷ்யத்தில் 'ஸேர்த்ஸெ', ஆர்மீனியத்தில் 'ஸிர்த்'. இவை அத்தனையும் அண்ணத்தை ஒட்டி ஒலித்த, ஒலிப்பில்லாத ஒரு ககரத்தை மூலமாகக் காட்டுகின்றன.

அந்தக் ககரம் சமஸ்கிருதத்தில் 'ச'வாகவும் அவெஸ்தாவில் 'ஸ'வாகவும் மாறும். நூறு என்ற எண் இதற்கு என்றும் மாறாத சான்று: லத்தீனில் 'கெந்தும்', சமஸ்கிருதத்தில் 'சதம்', அவெஸ்தாவில் 'ஸதெம்'. அப்படியானால் இதயம் சமஸ்கிருதத்தில் 'ச்ருத்' என்றும் அவெஸ்தாவில் 'ஸெரெத்' என்றும் இருந்திருக்க வேண்டும். பாரசீகத்தில் தகரத் தொடக்கத்துக்கு இடமே இருந்திருக்காது. ஆனால் கிடைப்பது ஹ்ருத், ஃஸெரெத், தில். இவை வேறொரு மூல ஒலியைக் கேட்கின்றன: ஒலிப்புடைய, மூச்சுச் சேர்ந்த ககரத்தை. குடும்பத்தின் மற்ற எல்லாக் கிளைகளும் ஒன்றைச் சொல்ல, இந்தோ ஈரானியக் கிளை மட்டும் வேறொன்றைச் சொல்கிறது. இந்தியக் கிளையும் ஈரானியக் கிளையும் இதில் ஒரே குரலில் பேசுவதால், மாறுதல் அவை பிரிவதற்கு முன்பே, ஒரே சமூகமாக இருந்த காலத்திலேயே நடந்துவிட்டது.

ஏன் நடந்தது? இறுதியில் இருந்த ஒலிப்புடைத் தகரம் முதலெழுத்தையும் தன்போல் ஒலிப்புடையதாக்கிவிட்டது என்பது ஒரு கருத்து. ஈரானிய வடிவங்களை மட்டும் பார்த்தால் இது போதும். ஏனென்றால் ஈரானியத்தில் மூச்சுச் சேர்ந்த ஒலியும் சேராத ஒலியும் கலந்து ஒன்றாகிவிட்டன. ஆனால் சமஸ்கிருத ஹகரம் மூச்சொலி இருந்ததை வெளிப்படையாகக் காட்டுகிறது. இறுதித் தகரத்தில் மூச்சொலி இல்லை. இல்லாத ஒன்றை அது எப்படிக் கொடுக்கும்? இந்தக் கேள்வியில் அந்தக் கருத்து விழுந்துவிடுகிறது.

உயிர்நிலையான உறுப்பின் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, மக்கள் வேண்டுமென்றே முதலெழுத்தைத் திரித்தார்கள் என்பது இன்னொரு கருத்து. அப்படி நடப்பது உலக வழக்கம்தான். ஆனால் எந்த முறைகேட்டையும் இதைச் சொல்லி மூடிவிடலாம் என்பதே இதன் பலவீனம்.

எனக்கு மூன்றாவதுதான் ஓரளவு நிறைவளிக்கிறது. உடலின் உள்ளே இருக்கும் குடல், நரம்பு போன்றவற்றைக் குறிக்கும் வேறொரு சொற்குழு அதே மூச்சுச் சேர்ந்த ஒலியோடு இருந்தது. கிரேக்கத்தில் குடலையும் அதிலிருந்து திரித்த யாழ் நரம்பையும் குறிக்கும் 'கொர்தே', லித்துவேனியத்தில் குடலைக் குறிக்கும் 'ஷர்ன' (இதன் முதலெழுத்து ஒலிப்புடையது), சமஸ்கிருதத்தில் நாளத்தைக் குறிக்கும் 'ஹிரா' எல்லாம் அந்தக் குழு. பலி விலங்கைப் பிளந்து உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்த சமூகத்தில், இரண்டு சொற்கள் அடுத்தடுத்து ஒலிக்கும்போது ஒன்றின் முதலெழுத்து மற்றொன்றில் ஏறுவது இயல்பு. இது நிறுவப்பட்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சொலி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இது ஒன்றுதான் நேரான விடை வைத்திருக்கிறது.

பழைய ககரம் ஒளிந்திருந்த இடம்

மாறிப்போன அந்தப் பழைய தொடக்கம் இந்தியக் கிளையில் முழுதும் அழிந்துவிட்டதா? ஒரே ஓர் இடத்தில் தப்பிப் பிழைத்தது என்று கருத வலுவான காரணம் இருக்கிறது. சிரத்தை என்று நாம் சொல்லும் 'ச்ரத்தா' என்ற சொல்தான் அந்த இடம்.

ரிக்வேதத்தின் இரண்டாம் மண்டலத்தில், 12-ஆம் பாடலின் ஐந்தாம் பாட்டு இந்திரனை நம்பாதவர்களைப் பற்றியது. 'அவன் எங்கே?' என்று கேட்கிறார்கள், 'அவன் இல்லவே இல்லை' என்றும் சொல்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் கவிஞன் சொல்கிறான்: 'ச்ரத் அஸ்மை தத்த'. இந்த மூன்று சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'தத்த' என்றால் வையுங்கள். 'அஸ்மை' என்றால் அவனுக்கு, நான்காம் வேற்றுமை. 'ச்ரத்' என்பது வைக்கப்படும் பொருள். ச்ரத்தா என்று பிற்காலத்தில் ஒட்டிப்போன சொல்லின் இரண்டு பாதிகளும் இங்கே தனித்தனியாக நிற்கின்றன, நடுவில் இன்னொரு சொல் அமர்ந்திருக்கிறது. 'அவனுக்கு இதயத்தை வையுங்கள்' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். லத்தீனில் 'நம்புகிறேன்' என்பதற்கான 'க்ரேதோ' இதே இரண்டு பாதிகள் சேர்ந்தது, ககரம் ககரமாகவே இருக்கிறது. அந்த வினையும் நம்பப்படுபவரை நான்காம் வேற்றுமையில்தான் ஏற்கும். பழைய ஐரிஷில் 'க்ரெதித்'. ஆக 'ச்ரத்' என்பதில் உள்ள சகரம், 'சதம்' என்பதில் உள்ளது போல, விதி எதிர்பார்க்கும் சகரம். உறுப்பின் பெயர் திரிந்தபோது, தொடருக்குள் உறைந்துபோயிருந்த இந்த வடிவம் திரியவில்லை. நம் வீடுகளில் முன்னோருக்குச் செய்யும் சிராத்தமும் ச்ரத்தாவிலிருந்து பிறந்த சொல்தான்.

இதை ஏற்காதவர்களும் உண்டு. ச்ரத் என்பதில் ரகரம் உயிருக்கு முன்னால் நிற்கிறது, இதயச் சொற்களில் பெரும்பாலும் பின்னால் நிற்கிறது. வேதத்தில் ச்ரத் தனியாக இதயம் என்ற பொருளில் எங்கும் வருவதில்லை. இந்தக் காரணங்களால், பிரெஞ்சு மொழியறிஞர் எமீல் பென்வெனிஸ்த் இந்த உறவை ஐயுற்றார். ரகரம் இடம் மாறுவதை நான் பெரிய தடையாகக் கருதவில்லை, உயிர் ஏறி இறங்கும் இந்தோ ஐரோப்பிய வேர்களில் அது பழகிய நிகழ்ச்சி. இரண்டாவது தடை மெய்யானது. அதற்கு விடை வேதத்தில் இல்லை, ஈரானில் இருக்கிறது.

அவெஸ்தாவின் மிகப் பழைய பகுதியான காதைகளில், யஸ்னா என்ற வழிபாட்டு நூலின் 31-ஆம் பகுதியைத் திறந்தால் முதல் பாட்டிலேயே சொராஸ்தரியரின் இறைவனான மஸ்தாவிடம் நம்பிக்கை கொண்டவர்களைக் குறிக்க 'ஃஸரஃஸ்தா' என்ற வடிவம் வருகிறது. மஸ்தாவின் பெயர் அங்கே 'மஃஸ்தாய்', மீண்டும் நான்காம் வேற்றுமை. பிற்கால அவெஸ்தாவில் அதே வேர் 'ஃஸ்ரஃஸ்தா' என்று வரும். இது ச்ரத்தாவின் ஈரானிய இணை. நடுவில் இரண்டு பல்லொலிகள் மோதும் இடத்தில் ஈரானியத்தில் ஃஸகரம் பிறப்பது விதிப்படியே. ஆனால் சொல்லின் முதலெழுத்து விதிப்படி ஸகரமாக இருந்திருக்க வேண்டும். அது ஃஸகரமாக இருக்கிறது. அதே யஸ்னா 31-இன் பன்னிரண்டாம் பாட்டில், அறிந்தவனும் அறியாதவனும் குரல் எழுப்புவது 'ஃஸெரெதாசா மனங்ஹாசா' என்கிறது. தமிழில் உருபுக்கு உருபு வைத்தே சொல்லலாம்: இதயத்தாலும் மனத்தாலும். ரிக்வேதக் கவிஞர்கள் 'ஹ்ருதா மனஸா' என்று சேர்த்துச் சொல்லும் அதே இணை.

காதைகளை ஓதியவர்களின் காதில் 'ஃஸெரெத்' என்ற இதயச் சொல்லும் நம்பிக்கையைக் குறித்த சொல்லும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தன. அந்தத் தொடர்பால்தான் நம்பிக்கைச் சொல்லின் முதலெழுத்தும் இதயத்தின் ஃஸகரத்தை எடுத்துக்கொண்டது. இந்தியக் கவிஞர்களுக்கும் அந்த உறவு மறக்கவில்லை. ச்ரத்தாவையே தெய்வமாக்கிப் பாடும் பத்தாம் மண்டலத்து 151-ஆம் பாடல், அவளை 'ஹ்ருதய்ய' நோக்கத்தோடு, அதாவது இதயத்தில் பிறந்த நோக்கத்தோடு, அணுகுவதாகச் சொல்கிறது. ஆனால் அவர்கள் பொருளில் மட்டும் சேர்த்தார்கள், எழுத்தைத் தொடவில்லை. ஈரானியர் எழுத்தையும் திருத்திவிட்டார்கள்.

சொல்லின் நடுவில் பிறந்த ஃஸகரமே முதலெழுத்தையும் தன் சாயலுக்கு மாற்றியிருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். அது நடக்கக்கூடியதுதான், அதை முற்றிலும் தள்ள என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்தாலும், ஒரே பாடலில் பதினோரு பாட்டு இடைவெளியில் ஃஸரஃஸ்தாவும் ஃஸெரெதாவும் ஒலிக்கும்போது, ஓதியவர்கள் அவற்றை ஒரு குடும்பமாகக் கேட்கவில்லை என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.